தறி நின்ற நேரத்து மன்றம்

நண்பர்களே, இந்தப் பள்ளியின் மாலை மன்றத்தை இனி நடத்தப்போகும் இளைய ஆசிரியர்களே, உங்களை நான் நடுவர்களாக அழைக்கவில்லை, சாட்சிகளாக அழைக்கிறேன். நடுவர் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். சாட்சிக்கு அந்த வசதி கிடையாது. தான் அறிந்ததை நாளை எவர் கேட்டாலும் சொல்லியாக வேண்டும். கேட்கிறவர் பெரிய மனிதராக இருந்தாலும் ஒரு சொல் மாற்றாமல் சொல்லியாக வேண்டும். என்னைப் பற்றிச் சங்கரன்கோவிலில் உங்களிடம் பலர் பேசுவார்கள். முதலாளி மகனைத் தகப்பனுக்கு எதிராகத் தூண்டிவிட்டவன் என்பார்கள். பள்ளிக்கூட அரங்கைப் பறிகொடுத்தவன் என்பார்கள். இரண்டாவது குற்றச்சாட்டு உண்மை. முதலாவது பொய். அது எப்படிப் பொய் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. ஓய்வு பெற்றவரைப் போலப் புத்தி சொல்ல வந்துவிட்டானே என்று உங்களில் யாரேனும் சிரித்தால், அந்தச் சிரிப்பை ஏற்றுக்கொள்கிறேன். நான் ஓய்வு பெறுவது மன்றப் பொறுப்பிலிருந்து மட்டும்தான். வேறு ஊரில் வேறு பள்ளி எனக்காகக் காத்திருக்கிறது. அங்கும் இதே வேலையைத்தான் செய்வேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில், கல்லூரி மேடைகளில் கோப்பை வாங்கிய கையோடு நான் இங்கே வரலாற்று ஆசிரியனாக வந்து சேர்ந்தேன். அப்போது இங்கே பேச்சுப் போட்டி என்பதற்கு ஒரே பொருள்தான். ஆசிரியர் எழுதித் தருவார். பிள்ளை மனப்பாடம் செய்து, கையை எங்கே உயர்த்த வேண்டும் என்பது உட்பட ஒப்பிக்கும். நான் அதை ஒழித்தேன். ஒரு தலைப்பு. இரு பக்கம். ஒட்டிப் பேசுவதா, வெட்டிப் பேசுவதா என்பதை மேடையேறும் முன் குலுக்கல் சொல்லும். எந்தப் பக்கம் கையில் வருகிறதோ அந்தப் பக்கத்தைப் பேச வேண்டும். பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கல்லூரியில் நான் பழகிய முறை அது. தனக்குப் பிடிக்காத பக்கத்துக்காக ஐந்து நிமிடம் யோசித்த பிள்ளை, எதிரில் இருப்பவனை முட்டாள் என்று எண்ணாது. இதைவிட நல்ல பாடம் என் வரலாற்றுப் புத்தகத்தில் இல்லை.

பெரிய முறைதான். ஆனால் முதல் பருவத்தில் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வந்தவர்கள் எல்லோரும் மாலையில் வீட்டில் வேலையில்லாத பிள்ளைகள். பனவடலிசத்திரத்துப் பக்கக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் பள்ளி விட்டதும் பஸ் நிலையத்துக்கு ஓடிவிடுவார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகளை டியூஷன் விழுங்கிவிடும். தறிவீட்டுப் பிள்ளைகள் கடைசி மணி அடிக்கும்போதே பையைத் தோளில் மாட்டியிருப்பார்கள். காலியான நாற்காலிகளுக்கு முன்னால் நின்று பேசிய அவமானம் எனக்குப் புதிது. மேடையில் தோற்றுப் பழகாதவன் நான். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று தேடிப் புறப்பட்டேன். அதற்கு என் கருணை காரணமில்லை. என் கர்வம்தான் காரணம். கர்வத்தாலும் சில நல்ல காரியங்கள் நடக்கும் என்பதால் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் கோமதி என்றொரு பெண் இருந்தாள். அவள் எழுந்து பதில் சொன்னால் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிடும். "இது என்ன மீன்கடையா?" என்று ஆளுக்கொரு நாள் அவளைக் கண்டித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டைத் தேடிப் போன அன்று எனக்கு விஷயம் விளங்கியது. தெரு முழுவதும் விசைத்தறி. அவள் வீட்டை ஒட்டியே பட்டறை. அந்த இரைச்சலில் மெல்லப் பேசுவதும் பேசாமல் இருப்பதும் ஒன்றுதான். அவள் அப்பா தறியில் நின்றார். துணியில் குறுக்கே ஓடும் ஊடை நூலை அவருக்காகச் சிறு கட்டைகளில் சுற்றித் தருவது கோமதியின் மாலை வேலை. தார் சுற்றுவது என்பார்கள்.

அவள் அம்மா வேலம்மாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து கத்தினார்.

"என்ன சார், இவ எதுவும் செஞ்சிட்டாளா?"

"ஒன்றும் செய்யவில்லை. சாயங்காலம் பேச்சு மன்றத்துக்கு அனுப்புவீர்களா என்று கேட்க வந்தேன்."

"பேசுததுக்கா? இங்கன இவ பேசுதது பத்தாதாக்கும்."

உள்ளேயிருந்து கோமதி குரல் கொடுத்தாள். "எம்மா, நான் போறேம்மா."

"ஏட்டி, நீ போனா கட்டைக்கு யாரு நூலு சுத்துவா? உங்கப்பா தறி முன்னால சும்மா நிப்பாரு, மொதலாளி பாத்துக்கிட்டு இருப்பாரோ?" பிறகு என்னைப் பார்த்தார். என் முகம் வாடியிருக்க வேண்டும். "சார், தறி ஓடுனா இவ வரமுடியாது. தறி நின்னா கூட்டிட்டுப் போங்க. அப்ப நானும் சேந்து வாரேன். தறி நின்னா இங்கன எங்களுக்கு என்ன சோலி?"

மழை பொய்த்த காலம் அது. அணைகளில் தண்ணீர் இல்லை. ஊருக்கு ஊர் முறைவைத்து மின்வெட்டு. எங்கள் பகுதிக்குப் பெரும்பாலும் பள்ளி விடுகிற நேரத்தில்தான் மின்சாரம் போகும். சில வாரம் முன்பின்னாக மாறும். மின்சாரம் போனதும் ஊரின் சத்தம் ஒரே வெட்டில் அறுந்துபோகும். அதுவரை சத்தம் இருந்ததே அப்போதுதான் தெரியும். நான் மன்றத்தின் நேரத்தை அந்த அமைதிக்கு மாற்றினேன். இனி மணியடித்து மன்றம் கூடாது; தறி நின்றால் கூடும்.

தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மணியடிச்சுப் பள்ளிக்கூடம் நடத்துதவனப் பாத்திருக்கேன். கரண்டு போனா நடத்துத ஆள உம்மத்தான் பாக்கேன், தம்பி."

"நடத்தலாமா, கூடாதா?"

"நடத்தும். கரண்ட நானா புடுங்குதேன்?"

வந்தார்கள். தார் சுற்றும் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களோடு தாய்மார் வந்து அரங்கின் பின்பக்கம் உட்கார்ந்தார்கள். தறிக்காரர்கள் வந்து சன்னலோரம் நின்றார்கள். அடுத்த பஸ்ஸுக்காகப் பஸ் நிலையத்தில் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்த கிராமத்துப் பிள்ளைகளையும் இழுத்து வந்தேன். மின்விசிறி நின்றால் டியூஷன் வாத்தியாரும் கடையைக் கட்டிவிடுவார்; அந்தப் பிள்ளைகளும் வந்தார்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு தர இந்த ஊரில் ஒரு ஏற்பாடும் இருந்ததில்லை. மின்வெட்டு தந்தது.

டியூஷன் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் சுந்தரம். பத்தாம் வகுப்பு. கோமதியின் அப்பா நிற்கும் பட்டறைக்குச் சொந்தக்காரரின் ஒரே மகன். அந்த முதலாளி எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவிலும் இருந்தார். பையனுக்கு விடியலில் ஒரு டியூஷன், மாலையில் ஒன்று. கேள்வித்தாளைக் கண்டால் குமட்டும். இருமுறை தேர்வறையிலிருந்து வெளியே ஓடி வாந்தி எடுத்திருக்கிறான். சட்டைக் காலரைக் கடித்துக் கடித்து அதன் நுனி எப்போதும் நைந்திருக்கும். தார் சுற்றுகிற பெண் வகுப்பில் தூங்கி விழுந்தால் நாம் பரிதாபப்படுகிறோம். காலரைக் கடிக்கிற பையனைப் பார்த்து, உனக்கென்ன குறை என்று கேட்கிறோம். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

முதல் முறை மேடையேறியபோது சுந்தரம் தன் நேரம் முழுவதும் ஒரு சொல் பேசாமல் நின்றுவிட்டு இறங்கினான். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வாய் திறந்த ஒருவனைக் கோமதி திரும்பிப் பார்த்த பார்வை அப்படி. அடுத்த வாரம் பேசினான். அதற்கடுத்த வாரம் நிறுத்தச் சொல்லி மணியடிக்க வேண்டியிருந்தது. பருவம் முடிவதற்குள் அவன் காலர் முழுசாக இருந்தது. என் கோப்பைகளைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன். அந்தக் காலரைவிடப் பெரிய பரிசு எதையும் நான் வாங்கியதில்லை.

குலுக்கலுக்கு நான் காகிதச் சீட்டு வைத்திருந்தேன். கோமதிதான் மாற்றினாள். "தாளக் கிழிச்சுப் போடுதீங்களே சார். எங்க பட்டறையில கழிவு நூலு கெடக்கு." அதன்பின் என் மூடிய கையிலிருந்து ஆளுக்கொரு நூல் உருவுவார்கள். சிவப்பு வந்தால் ஒட்டி, வெள்ளை வந்தால் வெட்டி. பேசி முடிக்கும் வரை நூலைக் கையில் பிடித்திருக்க வேண்டும். இது குலுக்கலில் வந்த பக்கம் என்று சபைக்குத் தெரிவதற்காக.

இனி, அந்தப் பழி பிறந்த மாலை. தலைப்பைப் பிள்ளைகளே கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள்: பள்ளி விட்டபின் பிள்ளைகள் தறிவேலை செய்வது நன்மையே. நூல் உருவினார்கள். கோமதிக்குச் சிவப்பு வந்தது. சுந்தரத்துக்கு வெள்ளை. தார் சுற்றுகிறவள், தார் சுற்றுவது நல்லது என்று பேச வேண்டும். பட்டறைக்காரர் மகன், அது கெடுதல் என்று பேச வேண்டும். சன்னலோரம் நின்றவர்கள் அவன் அப்பாவின் தறிக்காரர்கள்.

சுந்தரம் என் அருகே வந்து தணிந்த குரலில் கேட்டான். "சார், திரும்ப ஒருக்கா உருவட்டுமா?"

கோமதிக்குக் கேட்டுவிட்டது. தணிந்த குரல் என்ன, உதட்டசைவே போதும் தறிவீட்டுப் பிள்ளைகளுக்கு. "என்னலே, பயமா? எனக்கு மட்டும் சிவப்பு இனிக்கா? கைய நீட்டிக் காட்டட்டுமா, வெரலு எப்படி இருக்குன்னு?"

இங்கே நில்லுங்கள். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மாற்றித் தர ஒரு நொடி போதும். பையனுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் அதற்கு முந்தைய வாரம் ஒரு கிராமத்துப் பையன், ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை, பட்டணத்து வாழ்வே மேல் என்று பேச வேண்டி வந்தபோது இதையே கேட்டான். நான் மாற்றித் தரவில்லை. முதலாளி மகனுக்கு மட்டும் மாற்றித் தந்தால், அன்றிலிருந்து அந்த நூலுக்கு மதிப்பில்லை. "வந்ததைப் பேசு" என்றேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கோமதி முதலில் பேசினாள். தன் தங்கையின் தீபாவளிப் பாவாடை தான் சுற்றிய தாரில் வந்தது என்றாள். வேலை செய்கிறவளுக்குத் தேர்வைக் கண்டு பயமில்லை என்றாள். "எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் என் எதிரணி நண்பர் தேர்வறையில் வாந்தி எடுப்பார். நான் எடுத்ததில்லை. அவருக்கும் மாலையில் நாலு கட்டை சுற்றக் கொடுத்தால் வயிறு சரியாகிவிடும்." சபை சிரித்தது. சுந்தரமும் சிரித்தான்.

பிறகு அவன் எழுந்தான். வெள்ளை நூலை விரலில் சுற்றிக்கொண்டான். தூக்கம், படிப்பு, விளையாட்டு என்று எதிர்பார்த்தவற்றையெல்லாம் சொன்னான். முடிக்கும்போது மட்டும் யாரும் எதிர்பாராததைச் சொன்னான்.

"தறிவேலை பிள்ளைகளுக்கு நன்மை என்கிறார் என் எதிரணித் தோழி. என் வீட்டில் ஒரு பட்டறையே இருக்கிறது. என் அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. நல்ல பண்டம் எது வந்தாலும் முதலில் எனக்குத் தருவார். தார் சுற்றுவது நன்மையாக இருந்தால், அதையும் எனக்குத்தானே முதலில் தந்திருப்பார்?"

சன்னலோரத்திலிருந்து கைத்தட்டல் எழுந்தது. தறி நின்ற தெருக்களுக்கெல்லாம் அது கேட்டிருக்கும்.

நடுவர் நான். வாதங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு, ஒட்டிப் பேசிய கோமதியே வென்றாள் என்று தீர்ப்பளித்தேன். இதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். தீர்ப்பு முதலாளியின் பக்கம் போயிற்று. கைத்தட்டல் அவர் மகனின் பக்கம் போயிற்று.

மறுநாள் காலை தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கப்பட்டேன். முதலாளி உட்கார்ந்திருந்தார்.

"வாரும் வாத்தியாரே. உக்காரும். நின்னுக்கிட்டே பேசிப் பழகின ஆளு, உக்காந்தா பேச்சு வராதோ?"

உட்கார்ந்தேன்.

"எம்புள்ள நல்லாப் பேசுனானாம்லா?"

"மிக நன்றாகப் பேசினான்."

"யாரு சோத்தத் தின்னுட்டு?"

தலைமையாசிரியர் குறுக்கிட்டார். "அண்ணாச்சி, அது சும்மா நூலு உருவிப் பேசுதது. எந்தப் பக்கம் வருதோ அதப் பேசணும். நெசத்துக்கு இல்ல."

"நெசத்துக்கு இல்லன்னா எந்தறிக்காரனுவ எதுக்குவே கை தட்டுனானுவ? இன்னைக்குக் காலைல தறி ஓட்டுததுக்கு முந்திப் பட்டறைக்குள்ள நுழையுதேன். ஒருத்தன் இன்னொருத்தங்கிட்ட சொல்லிச் சிரிக்கான், நல்லதுன்னா மொதல்ல மவனுக்குல்லா குடுத்திருப்பாருன்னு. எம்பட்டறைல, எங்காது கேக்க."

"தீர்ப்பு உங்கள் பக்கம்தான் சொன்னேன்" என்றேன்.

"அத எவன்வே கேட்டான்?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. தீர்ப்பை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

பிறகு அவர் தன் கட்டளையைச் சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை பள்ளி முழுவதும் அரங்கில் கூட வேண்டும். அந்தப் பேச்சை வாத்தியார்தான் எழுதித் தந்தார் என்று சுந்தரம் எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டும். "நீரு ஆமான்னு தலைய ஆட்டும். அது போதும். உம்ம மன்றத்த நான் தொடமாட்டேன்."

அவர் சற்று வெளியே போனபோது தலைமையாசிரியர் என் பக்கம் குனிந்தார். "தம்பி, ஒரு தலையாட்டுதான். மன்றம் பிழைக்கும். உம்ம வேலை இன்னும் நிரந்தரமாகல, அதுவும் ஆயிரும். அந்தப் பிள்ளைக்கும் வீட்டுல தொந்தரவு இருக்காது. ஆட்டிட்டுப் போமே."

அவர் சொன்ன மூன்று நன்மைகளும் உண்மை. அவரைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். எத்தனையோ பிள்ளைகளை அப்படித் தலையாட்டித் தலையாட்டியே கரையேற்றியவர். ஆனால் என்னிடம் கேட்கப்பட்டது என்ன? கேள்வித்தாளைக் கண்டு குமட்டிய ஒரு பையனின் தலைக்குள் முதன்முதலாக ஒரு வாதம் பிறந்தது. யாரும் எழுதித் தராத வாதம். அது அவனுடையதில்லை, என்னுடையது என்று நான் சொல்ல வேண்டும். அவனும் சொல்ல வேண்டும். சொன்னபின் அவனிடம் என்ன மிஞ்சும்? பழைய காலர் மிஞ்சும்.

முதலாளி திரும்பி வந்ததும் எழுந்து நின்று சொன்னேன். "ஐயா, அந்த வாதம் என்னுடையதாக இருந்திருந்தால் பெருமையோடு ஒப்புக்கொண்டிருப்பேன். அவ்வளவு நல்ல வாதம். என்னால் அதை யோசிக்க முடியவில்லை. உங்கள் மகனால் முடிந்தது. அடுத்தவன் சொத்துக்கு நான் உரிமை கொண்டாட மாட்டேன்."

"வேலை போனாலுமா?"

"போனாலும்."

"அப்ப நீரு ஆட்ட வேண்டாம். அவன் சொல்லுவான்."

வெள்ளிக்கிழமை வரை சுந்தரத்தைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவனைத் தனியே பார்க்க நான் முயலவும் இல்லை. ஆசை இருந்தது. ஆனால் என்ன சொல்லியிருப்பேன்? உறுதியாக நில் என்றால், தூண்டினேன் என்ற பழி உண்மையாகிவிடும். பணிந்துபோ என்றால், தலைமையாசிரியர் அறையில் நான் நின்றது வீணாகிவிடும். அவன் எதைச் சொன்னாலும் அது அவன் சொல்லாக இருக்கட்டும் என்று விலகியிருந்தேன். பிள்ளைகளுக்காக எதையாவது செய்யத் துடிக்கும் நேரத்தில் ஒன்றும் செய்யாமலிருப்பது, நம் தொழிலில் மிகக் கடினமான வேலை.

வெள்ளிக்கிழமை மின்சாரம் இருந்தது. அரங்கு நிறைந்திருந்தது, தறிவீட்டுப் பிள்ளைகள் மட்டும் இல்லை. கோமதி இல்லை. தறிச் சத்தம் சன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் முதலாளி. சுந்தரம் மேடையேறினான். மேடைத் தமிழில் தொடங்குவான் என்று நினைத்தேன். வீட்டுத் தமிழில் பேசினான்.

"அன்னைக்கு எனக்கு வந்தது வெள்ளை நூலு. வந்த பக்கத்தப் பேசினேன். சார் ஒரு வரி கூட எழுதித் தரல." அப்பாவைப் பார்த்தான். "பேசுத வரைக்கும் அது நூலோட பக்கந்தான். பேசி முடிச்சப்புறம் எம்பக்கமாயிட்டு. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

இறங்கிவிட்டான். யாரும் கை தட்டவில்லை. முதலாளி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனார். மகன் சற்றுத் தள்ளிப் பின்னால் போனான்.

மறுநாளே அரங்கின் சாவி என்னிடமிருந்து வாங்கப்பட்டது. பள்ளிக் கட்டடத்துக்குள் மாலை மன்றம் கூடக் கூடாது என்று உத்தரவு வந்தது. என் வேலை நிரந்தரமாவதும் தள்ளிப்போயிற்று. நான் கலங்கவில்லை. திங்கட்கிழமை மாலை தறி நின்றதும் சந்தை மேட்டுக்குப் போனேன். சந்தை கூடாத நாள். வெறும் மண்ணும் நாலு கல்லும்தான். பிள்ளைகளை அங்கே வரச் சொல்லியிருந்தேன். வந்தார்கள். தாய்மாரும் தறிக்காரர்களும் வந்தார்கள். எதிர்ப்பக்கத் தேநீர்க்கடையில் முதலாளியின் கணக்கப்பிள்ளை கிளாஸும் கையுமாக உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பேசுவதற்காக ஓர் உரையைத் தயாரித்திருந்தேன். சுவர் இல்லாத மன்றத்தைப் பூட்ட எந்தச் சாவியாலும் முடியாது என்று தொடங்கும் உரை. நல்ல உரை. தொடங்கப்போகும் நேரத்தில் சுந்தரம் வந்தான். இடது கன்னம் வீங்கியிருந்தது. அந்தப் பக்கத்துக் கண் பாதிதான் திறந்திருந்தது.

கோமதி முதலில் பார்த்தாள். "ஏலே, மூஞ்சில என்னது?"

"கதவுல இடிச்சிட்டு."

"கதவுக்கு அஞ்சு வெரலு இருக்காக்கும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். காலர் நுனி மறுபடி வாய்க்குப் போயிற்று.

வேலம்மாள் எழுந்து நின்றார். இப்போது தறி ஓடவில்லை. ஆனாலும் அதே குரல்.

"சார், ஒண்ணு கேக்கேன், கோவிக்கக் கூடாது. நீங்க தலைய ஆட்டமாட்டேன்னு சொன்னீங்களாம். சரி, ஆம்பளதான். உங்களுக்கு அரங்கு போச்சு. இங்கன வந்து நின்னு பேசுதீங்க, நாங்க கை தட்டுவோம். இந்தப் பிள்ளைக்கு அவன் வீட்டுக்குள்ள யாரு கை தட்டுவா? நீங்க பேசி முடிச்சிட்டு ரூமுக்குப் போயிருவீங்க. அவன் எங்க போவான்?"

எந்த மேடையிலும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டதில்லை. தயாரித்த உரையில் அதற்குப் பதில் இல்லை. நான் தலையாட்ட மறுத்தது சரி. இன்னும் நூறு முறை மறுப்பேன். ஆனால் மறுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு சந்தை மேட்டில் நின்றிருந்தேன். இளைய நண்பர்களே, மாலையில் ஒரு பிள்ளைக்கு வாய் திறக்கக் கற்றுத் தருகிறோம். அன்றிரவு அந்த வாய் எந்த வீட்டில் சோறு உண்ணப்போகிறது என்பதும் நம் பாடத்தைச் சேர்ந்ததுதான். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் இதை எனக்குச் சொல்லவில்லை. வேலம்மாள் கேட்டார். அதனால் தெரிந்துகொண்டேன்.

உரையை விட்டுவிட்டேன். கல்லின் மேல் ஏறி நின்றேன். தேநீர்க்கடை வரை கேட்க வேண்டும் என்பதற்காகத் தறிவீட்டுக் குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அந்த வாக்கை எத்தனை மாலைகள் காப்பாற்றினேன் என்பதை என்னிடம் கேட்காதீர்கள். சுந்தரம் இதே ஊரில்தான் இருக்கிறான், அவனைக் கேளுங்கள். நான் சொன்னது இதுதான்:

"சுந்தரம், இன்று மன்றம் கலைந்ததும் உன்னோடு உன் வீட்டு வாசல் வரை நான் நடந்து வருவேன். நாளையும் வருவேன். மன்றம் இல்லாத நாளிலும் வருவேன். நீ பேசியதற்கு உன் அப்பா விளக்கம் கேட்டால், வாசலில் நின்று நான் சொல்வேன். கதவைச் சாத்தினால் சாத்திய கதவின் முன்னால் நின்று சொல்வேன். அதற்குப் பிறகும் உன் மேல் ஒரு கை விழுந்தால், தறி நிற்கும் ஒவ்வொரு மாலையும் இந்த மேட்டில் நான் அதை மட்டுமே பேசுவேன். அன்று யாரும் நூல் உருவ வேண்டாம். ஒட்டியும் கிடையாது, வெட்டியும் கிடையாது. நான் ஒரு பக்கம்தான் பேசுவேன்."